'கட்' மட்டும் போதாது: சுருக்குவதற்கும் குறைப்பதற்கும் பாதியில் நிறுத்துவதற்கும் ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

கோலாலம்பூரில் 'கட்' என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு வேலைநாளையே ஓட்டிவிடலாம். சம்பளத்தில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கட். ஃபெடரல் நெடுஞ்சாலையில் பக்கத்துக் கார் நம்மைக் கட். மதியச் சாப்பாட்டு வரிசையில் ஒருவர் கட். கூட்டத்தில் பேச்சு கட், கைப்பேசியில் லைன் கட். தமிழில் 'கட் பண்ணு' என்கிறோம், மலாயில் 'போத்தோங்' என்கிறோம். இரண்டும் சேர்ந்து இந்தப் பழக்கத்தை நன்றாகவே வளர்த்துவிட்டன.

நமக்குள் பேசிக்கொள்ளும்போது இதில் ஒரு சிக்கலும் இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல், வீட்டுக்காரருக்குக் கடிதம், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) படிவம், பல்கலைக்கழகக் கட்டுரை என்று எழுத உட்காரும்போதுதான் கை நிற்கும். அகராதியைத் திறந்தால் 'ஷார்ட்டன்', 'அப்ரிவியேட்', 'அப்ரிட்ஜ்', 'கண்டென்ஸ்', 'ட்ரங்கேட்', 'கர்ட்டெய்ல்' எல்லாவற்றுக்கும் சுருக்கு அல்லது குறை என்றுதான் போட்டிருக்கும். அதைப் பார்த்தால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாம் போலத் தோன்றும். போட்டால் வாக்கியம் நொண்டும்.

படி 1: வெட்டிய பிறகு என்ன மிச்சம் என்று பாருங்கள்

எதை வெட்டினோம் என்பதைவிட, வெட்டியபின் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் ஆங்கிலச் சொல்லைத் தீர்மானிக்கிறது. நான்கு நிலைமைகள் உண்டு.

முடிவு வருவதற்குள் நின்றுபோனால் அது 'கட் ஷார்ட்'. சாரம் முழுவதும் இருந்து அளவு மட்டும் சிறிதானால் 'கண்டென்ஸ்', 'அப்ரிட்ஜ்', 'அப்ரிவியேட்' ஆகியவற்றில் ஒன்று. கடைசித் துண்டு அப்படியே அறுந்துபோய், மிச்சம் அரைகுறையாக நின்றால் 'ட்ரங்கேட்'. பொருள் இருக்கிறது, ஆனால் அதற்கான அனுமதியோ அளவோ குறுகிவிட்டது என்றால் 'கர்ட்டெய்ல்'.

'ஷார்ட்டன்' எல்லாருக்கும் பொது. கால்சட்டையின் நீளம், கட்டுரை, வேலைநேரம், வரிசை என்று நீளமோ நேரமோ உள்ள எதற்கும் பொருந்தும். எந்தச் சொல் என்று குழம்பினால் அதைப் போட்டுவிடுங்கள். சுவை குறையலாம், தப்பாகாது.

படி 2: நேரத்தை வெட்டும்போது

விடுமுறை, பயணம், கூட்டம், பதவிக்காலம் இவையெல்லாம் நேரம் சார்ந்தவை. தொடங்கிவிட்டது, முடிய வேண்டிய நாளுக்கு முன்பே நின்றது என்றால்தான் 'கட் ஷார்ட்'. தொடங்கவே இல்லை என்றால் அது பொருந்தாது.

நம் நாட்டு நடப்பிலிருந்தே எடுத்துக்கொள்வோம். 14வது நாடாளுமன்றம் 2018 ஜூலை 16 அன்று முதன்முதலாகக் கூடியது. ஐந்தாண்டுக் கணக்குப்படி 2023 ஜூலை வரை அது நீடித்திருக்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று கலைக்கப்பட்டு, நவம்பர் 19இல் பொதுத்தேர்தல் நடந்தது. நாடாளுமன்றத்துக்குச் செய்யப்பட்டது 'டிஸ்ஸால்வ்', அதாவது சட்டப்படியான கலைப்பு. அதன் விளைவாகப் பதவிக்காலம் 'வாஸ் கட் ஷார்ட்'. செயலுக்கு ஒரு சொல், விளைவுக்கு வேறு சொல்.

2020ஆம் ஆண்டில் எல்லாமே கிடைக்கிறது. கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மார்ச் 18 அன்று தொடங்கியது. ஆறாம் ஆண்டு மாணவர்களின் அந்த வருட யுபிஎஸ்ஆர் தேர்வு 'கேன்சல்', நடக்கவே இல்லை. ஐந்தாம் படிவத்தினரின் எஸ்பிஎம் தேர்வு 'போஸ்ட்போன்', 2021 பிப்ரவரிக்குப் போனது. மே 18 நாடாளுமன்றக் கூட்டம் ஒரே நாளாக 'ஷார்ட்டன்' ஆனது. ஊருக்குப் போயிருந்தவர்கள் பாதியில் அடித்துப்பிடித்துத் திரும்பினார்களே, அவர்கள் பயணம் 'கட் ஷார்ட்'.

'அட்ஜர்ன்' இந்தக் கூட்டத்தில் சேராது. நீதிமன்றமோ பொதுக்கூட்டமோ இப்போதைக்கு எழுந்து, பிறகு மீண்டும் தொடர்வதுதான் அது. கோயில் ஆண்டுக்கூட்டத்தில் சண்டை வந்து எல்லாரும் எழுந்து போனால், குறிப்பேட்டில் 'அட்ஜர்ன்' என்று எழுதுவதா 'கட் ஷார்ட்' என்று எழுதுவதா என்பது, மறுபடி கூடப்போகிறார்களா இல்லையா என்பதைப் பொறுத்தது.

'அபார்ட்' என்பதை விமானம் மேலெழும் முயற்சி, ராக்கெட், கணினிக் கட்டளை போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கருக்கலைப்புக்கும் அதே சொல் என்பதால் விருந்து, திருமணம், பூசை பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

படி 3: 'கட்'டின் இலக்கணம், அதோடு நம் ஊர்க் 'கட்'

'கட்' இறந்தகாலத்திலும் 'கட்'தான். 'கட்டட்' என்று ஒன்று கிடையாது.

'கட் ஷார்ட்' நடுவே பொருளை நுழைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். 'வி கட் தி ட்ரிப் ஷார்ட்', 'வி கட் ஷார்ட் தி ட்ரிப்' இரண்டும் சரி. ஆனால் 'இட்', 'ஹிம்' போன்ற சிறு சொற்கள் நடுவில்தான் உட்காரும். 'கட் இட் ஷார்ட்' சரி. 'கட் ஷார்ட் இட்' தப்பு.

இதைத் திருப்பிப் போட்டு 'ஷார்ட்கட்' ஆக்கினால் குறுக்குவழி. 'வி டுக் எ ஷார்ட்கட்' என்றால் ஜாலான் ஈப்போ நெரிசலைத் தவிர்த்து செந்தூல் உள்சாலை வழியாக வந்தோம் என்று பொருள். பயணம் பாதியில் நிற்கவில்லை.

'ஷார்ட்லி' இன்னொரு பொறி. சுருக்கமாக என்று நினைத்து 'ஐ வில் எக்ஸ்ப்ளெய்ன் ஷார்ட்லி' என்று எழுதினால், கொஞ்ச நேரத்தில் விளக்குவேன் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'ஹி ஆன்சர்ட் ஷார்ட்லி' என்றால் அவர் எரிச்சலோடு வெடுக்கென்று பதில் சொன்னார் என்று பொருள். சுருக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் 'ப்ரீஃப்லி' அல்லது 'இன் ஷார்ட்'.

அப்புறம் நம் ஊர்ப் பயன்பாடுகள். வரிசையில் முந்துவதை நாம் 'கட் க்யூ' என்கிறோம். பிரிட்டனில் 'ஜம்ப் தி க்யூ', அமெரிக்காவில் 'கட் இன் லைன்'. சாலையில் 'தி கார் கட் மீ' என்றால் வெளிநாட்டுக்காரர் உங்களுக்குக் காயமோ என்று பதறுவார். முந்திப் போனதற்கு 'ஓவர்டேக்'. இடையில் நுழைந்து பிரேக் அடிக்க வைத்தால், பிரிட்டனில் 'கட் மீ அப்', அமெரிக்காவில் 'கட் மீ ஆஃப்'.

கைப்பேசி விஷயத்தில் தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். 'டோன்ட் கட் தி கால்' என்பது இந்திய, இலங்கை, மலேசியத் தமிழர்கள் எல்லாரும் சொல்வது. பிரிட்டிஷ்காரர் சொல்வது 'டோன்ட் ஹேங் அப்'. லைன் தானாக அறுந்தால் 'வி காட் கட் ஆஃப்'.

கூட்டத்தில் ஒருவர் பேச்சை நிறுத்தும்போது சொல் மாறினால் மரியாதையும் மாறும். 'கட் இன்' என்றால் இடையில் புகுந்து ஒன்று சொல்வது. அவர் பிறகு தொடரலாம். 'கட் ஹிம் ஷார்ட்' என்றால் அவர் அதோடு முடித்துவிட வேண்டியதுதான். 'கட் ஹிம் ஆஃப்' இன்னும் முரட்டுத்தனம். ஆகவே நேரம் போய்க்கொண்டிருக்கிறதே என்று நிறுத்தும்போது, 'சாரி டு கட் யூ ஷார்ட், பட் வி ஹாவ் டு மூவ் ஆன்' என்று மன்னிப்பை முன்னால் வைப்பார்கள். உங்கள் கதையையே நீங்கள் சுருக்கினால் பிரிட்டனில் 'டு கட் எ லாங் ஸ்டோரி ஷார்ட்'. அமெரிக்காவில் 'கட்' இருக்கும் இடத்தில் 'மேக்' வரும். நண்பர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் 'லாங் ஸ்டோரி ஷார்ட்' மட்டும் போதும்.

படி 4: கட்டுரை, அறிக்கை, புத்தகம்

இங்கே மூன்று சொற்களைப் பிரித்துக்கொண்டால் போதும்.

'கண்டென்ஸ்' என்றால் அடர்த்தியாக்குவது. தே தாரிக்கில் ஊற்றும் கண்டென்ஸ்டு மில்க்கை நினைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் போயிருக்கிறது, பால் இருக்கிறது. பத்துப் பக்க அறிக்கையை இரண்டு பக்கமாக 'கண்டென்ஸ்' செய்தால் எல்லா முக்கியத் தகவலும் அந்த இரண்டு பக்கத்திலும் இருக்க வேண்டும். வாக்கியங்கள் நீங்கள் மாற்றி எழுதியவையாக இருக்கலாம்.

'அப்ரிட்ஜ்' பெரும்பாலும் புத்தகங்களுக்கு. ஆசிரியரின் வாக்கியங்கள் அப்படியே இருக்கும். சில பகுதிகளை மட்டும் எடுத்துவிடுவார்கள். பாலத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குறுகிய என்று பொருள்படும் லத்தீன் 'ப்ரெவிஸ்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதே லத்தீன் வேரிலிருந்து நேராக வந்தது 'அப்ரிவியேட்'. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று புத்தகத்துக்குப் போனது, மற்றது சொல்லுக்கு. பங்குச் சந்தையில் பணம் போட்டவர்கள் 'அப்ரிட்ஜ்டு ப்ராஸ்பெக்டஸ்' என்ற ஆவணத்தைப் பார்த்திருப்பார்கள். புர்சா மலேசியாவில் இருக்கும் ஒரு நிறுவனம் தன் பங்குதாரர்களுக்கே உரிமைப் பங்கு வெளியிடும்போது அனுப்பும் சுருங்கிய விளக்க ஏடு அது.

'சம்மரைஸ்' என்றால் உங்கள் சொந்த வார்த்தையில் சாரம். எஸ்பிஎம் ஆங்கிலம் எழுதிய முந்தைய தலைமுறைக்கு இது மறக்காது: 130 சொற்களுக்கு மிகாமல், கொடுத்த முதல் பத்துச் சொற்களையும் சேர்த்து எண்ணி எழுதவேண்டும். இதற்குப் பழைய பெயர் 'ப்ரேசீ'. எழுத்தில் கடைசியில் 'எஸ்' இருக்கும், வாயில் வராது.

ஒரு பகுதியை மட்டும் அப்படியே எடுத்துப் போட்டால் அது சுருக்கமே இல்லை, 'எக்ஸெர்ப்ட்'. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் பலர்.

படி 5: பெயர்களும் குறுக்கங்களும்

மலேசியா குறுக்கங்களின் தேசம். தலைநகரையே கேஎல் என்று குறுக்கி வைத்திருக்கிறோம். நாம் 'ஷார்ட் ஃபார்ம்' என்று சொல்வதைப் பொதுவாக ஆங்கிலத்தில் 'அப்ரிவியேஷன்' என்பார்கள். அதற்குள் வகைகள் உண்டு. எழுத்து எழுத்தாகப் படித்தால் 'இனிஷியலிசம்': இபிஎஃப், எல்ஆர்டி, கேஎல்சிசி. ஒரு சொல்லாகப் படித்தால் 'அக்ரனிம்': சொக்சோ, பெர்கேசோ. சொல்லின் ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டால் 'க்ளிப்பிங்': ஃபோன், ஃப்ளூ, எக்ஸாம், கொண்டோ. நடுவை எடுத்துவிட்டு முதலையும் கடைசியையும் வைத்தால் 'கண்ட்ராக்‌ஷன்'.

இந்தக் கடைசி வகைக்குப் பிரிட்டிஷ் எழுத்தில் ஒரு நல்ல விதி உண்டு. சொல்லின் கடைசி எழுத்து குறுக்கத்திலும் கடைசியாக இருந்தால் புள்ளி வேண்டாம். டாக்டர், மிஸ்டர் குறுக்கங்களுக்குப் புள்ளி இல்லை. புரொஃபசர் என்பதைப் 'புரொஃப்' என்று பாதியில் நிறுத்துவதால் புள்ளி உண்டு. அமெரிக்கர்கள் எல்லாவற்றுக்கும் புள்ளி வைப்பார்கள். நம் நிறுவனப் பெயர்களில் வரும் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) குறுக்கங்கள் இரண்டும் சொல்லின் கடைசி எழுத்தில்தான் முடிகின்றன. விதிப்படி அவற்றுக்குப் புள்ளி தேவையில்லை. பலர் வைக்கிறார்கள், ஒரே கடிதத்தில் ஓரிடத்தில் வைத்து மறுஇடத்தில் விடாமல் இருந்தால் சரி.

'எ'யா 'ஆன்'னா என்பதை எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காதால் கேளுங்கள். 'ஆன் எம்ஆர்டி ஸ்டேஷன்', 'ஆன் எஸ்பிஎம் சர்டிஃபிகேட்', ஆனால் 'எ கேடிஎம் ட்ரெயின்', 'எ யுபிஎஸ்ஆர் பேப்பர்'. 'தி' விஷயத்திலும் காது உதவும்: எழுத்தெழுத்தாகப் படிக்கும் அமைப்புக்குப் பெரும்பாலும் 'தி' வரும், 'தி இபிஎஃப்' என்பதுபோல; சொல்லாகப் படிப்பதற்கு வராது, 'சொக்சோ' மட்டும்.

மலாய்க் குறுக்கமா ஆங்கிலக் குறுக்கமா? கேடபிள்யூஎஸ்பியும் இபிஎஃப்பும் ஒன்று, பெர்கேசோவும் சொக்சோவும் ஒன்று. உள்ளூர் ஆங்கிலக் கடிதத்தில் எதையும் போடலாம், ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் முதல் முறை முழுப்பெயரை எழுதிவிட்டு, இரண்டாவது முறையிலிருந்து குறுக்கத்துக்கு வாருங்கள்.

இன்னொரு பட்டியல், மலேசியா, சிங்கப்பூருக்கு வெளியே பெரும்பாலும் எடுபடாதது: நன்றிக்கு 'டிக்யூ', பொறுப்பாளருக்கு 'பிஐசி', கைப்பேசிக்கு 'எச்பி', அடையாள அட்டைக்கு 'ஐசி', மருத்துவ விடுப்புக்கு 'எம்சி'. லண்டன் அலுவலகத்தில் 'ஐ ஆம் ஆன் எம்சி' என்றால் நீங்கள் எந்த விழாவை நடத்தித் தரப் போகிறீர்கள் என்று கேட்டாலும் கேட்பார்கள். அவர்களுக்கு எம்சி என்றால் நிகழ்ச்சித் தொகுப்பாளர்.

நம் பெயரிலேயே ஒரு குறுக்கம் இருக்கிறது. மைகார்டில் (அடையாள அட்டையில்) வரும் ஏ/எல், ஏ/பி இரண்டும் மலாய்: அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான். மகன், மகள். சிங்கப்பூரிலும் பழைய ஆவணங்களிலும் ஆங்கிலக் குறுக்கமாக எஸ்/ஓ, டி/ஓ இருக்கும். பல இணையப் படிவங்கள் சாய்கோட்டை ஏற்காது, வெளிநாட்டு அதிகாரிக்கு அது என்னவென்றும் தெரியாது. ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடலாம்: 'ஏ/எல் இஸ் ஆன் அப்ரிவியேஷன் ஆஃப் அனாக் லெலாக்கி, மலாய் ஃபார் சன் ஆஃப்'. அதை நடுப்பெயர் என்று நிரப்பிவிட்டால் பிறகு ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு பெயர் நிற்கும்.

படி 6: எண்ணும் எழுத்தும் அறுபடும்போது

நீளமான தமிழ்ப் பெயரைப் படிவத்தின் பெட்டி பாதியில் விழுங்கிவிட்டால், அது 'அப்ரிவியேட்' ஆகவில்லை, 'ட்ரங்கேட்' ஆகியிருக்கிறது. குறுக்கத்தில் ஒரு யோசனை இருக்கும். இதில் இடம் தீர்ந்தது, அறுந்தது, அவ்வளவுதான். வங்கிக்கு எழுதும்போது 'மை நேம் ஹாஸ் பீன் ட்ரங்கேட்டட்' என்று எழுதினால் கோளாறு எங்கே என்று அவர்களுக்கு உடனே புரியும்.

குறுஞ்செய்தியிலும் இப்படித்தான். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும்; தமிழில் எழுதினால் 70தான். அதிலும் உயிர்மெய்க் குறிகள் தனித்தனியாகக் கணக்கில் வரும். மலேசியா என்று நாம் நான்கெழுத்தாகப் படிப்பதை இயந்திரம் ஏழாக எண்ணும்.

எண்களில் 'ட்ரங்கேட்'டும் 'ரவுண்ட்'டும் வேறு வேறு. 3.789இல் கடைசி இலக்கத்தை வெறுமனே அறுத்தால் 3.78, அதுதான் 'ட்ரங்கேட்'. அருகில் உள்ள எண்ணுக்குக் கொண்டுபோனால் 3.79, அது 'ரவுண்ட்'. 2008 ஏப்ரல் 1 முதல் நம் கடைகளில் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குக் கொண்டுவருவது 'ரவுண்டிங்'. 12 வெள்ளி 32 சென் என்றால் 12.30, 12.33 என்றால் 12.35. ஏறவும் செய்யும் இறங்கவும் செய்யும். 'ட்ரங்கேட்' செய்தால் எப்போதும் இறங்கத்தான் செய்யும்.

படி 7: சம்பளம், வேலை, உரிமை

சம்பளத்திலிருந்து இபிஎஃப்புக்குப் போகும் 11 விழுக்காடு 'டிடக்ட்'. சம்பளமே 3,000 வெள்ளியிலிருந்து 2,700 ஆனால் 'பே கட்'. 'மை சாலரி வாஸ் கட்' என்று எழுதினால் இரண்டாவதுதான் அர்த்தம். சொல்லாமல் வராததற்கோ தாமதத்துக்கோ பிடித்தால் 'டாக்'; விலங்கின் வாலை நறுக்குவதற்கும் அதே சொல்தான்.

'கர்ட்டெய்ல்' பிறந்ததும் அதே வாலிலிருந்துதான். வால் நறுக்கிய குதிரைக்கு இருந்த பழைய பெயர், 'டெய்ல்' என்ற சொல்லின் பக்கம் சாய்ந்து இந்த வடிவத்துக்கு வந்தது. செலவு, அதிகாரம், உரிமை, நடமாட்டம் இவற்றோடு நன்றாகச் சேரும். புத்தகத்தோடு சேராது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் 1791ஆம் ஆண்டு முதல் திருத்தம் பேச்சுரிமையைக் குறைப்பதற்கு 'அப்ரிட்ஜ்' என்கிறது. இன்று நாம் எழுதினால் 'கர்ட்டெய்ல்' என்றே எழுதலாம்.

வேலை போன விஷயத்தில் சொல் தவறினால் பணமே போகும். ஆட்குறைப்புக்கு நம் நாட்டில் 'ரிட்ரெஞ்ச்மென்ட்' என்பார்கள்; பிரிட்டனில் 'ரிடண்டன்சி', அமெரிக்காவில் 'லேஆஃப்'. சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் ஆட்குறைப்பை வேலை இழப்பாக ஏற்கிறது. சுயமாக விலகியதையும், தவணை ஒப்பந்தம் இயல்பாக முடிந்ததையும், ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கியதையும் ஏற்பதில்லை. ஆகவே நிறுவனமே ஆட்குறைப்பு செய்திருக்க, படிவத்தில் 'மை காண்ட்ராக்ட் எண்டட்' என்று எழுதிவிடாதீர்கள். அது தானாக முடிந்ததுபோல் ஒலிக்கும். 'ஐ வாஸ் ரிட்ரெஞ்ச்டு' என்று எழுதுங்கள். ஒப்பந்த நாளுக்கு முன்பே நிறுவனம் முடித்திருந்தால் 'தி எம்ப்ளாயர் டெர்மினேட்டட் மை காண்ட்ராக்ட் ஏர்லி'. யார் முடித்தது என்பது வாக்கியத்தில் தெரியவேண்டும்.

தண்டனைக்கு 'கம்யூட்'. கடுமையான தண்டனையை இலகுவானதாக மாற்றுவது. நம் நாட்டில் கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்ட பிறகு, 30 முதல் 40 ஆண்டுச் சிறையாகத் தண்டனை மாறியவர்களைப் பற்றிய செய்திகளில் இந்தச் சொல் வந்தது. நன்னடத்தைக்காகச் சிறைக்காலம் குறைவது 'ரெமிஷன்'. பத்துமலைக்குப் போகும் கொமுட்டர் ரயிலுக்கும் இந்தக் 'கம்யூட்'டுக்கும் உறவு உண்டு: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தினப்பயணிகளுக்குக் கட்டணத்தைக் குறைத்துக் கொடுத்த பருவச்சீட்டு 'கம்யூட்டேஷன் டிக்கெட்'. அதை வைத்திருந்தவர் 'கம்யூட்டர்' ஆனார்.

படி 8: எழுதிப் பார்க்க

பாட்டி இறந்துபோய் விடுமுறைப் பயணத்தைப் பாதியில் விட்டு பினாங்குக்குத் திரும்பியவர் மேலாளருக்கு எழுதுவது: 'ஐ ஹாட் டு கட் மை லீவ் ஷார்ட்' என்றால் விடுமுறையை விட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று அர்த்தமாகும். பயணம்தான் நின்றது, விடுமுறை தொடர்கிறது என்றால் 'ஐ ஹாட் டு கட் மை ட்ரிப் ஷார்ட்' என்று எழுதி, லீவை நீட்டிக்க வேண்டுமென்றால் அடுத்த வாக்கியத்தில் தனியாகக் கேளுங்கள்.

வாடகை வீட்டை ஆறு மாதம் முன்னதாக விடுபவர் 'ஐ வாண்ட் டு கட் தி காண்ட்ராக்ட்' என்று எழுதினால் வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்கக் கேட்பதாகக்கூட எடுத்துக்கொள்ளலாம். 'ஐ விஷ் டு டெர்மினேட் தி டெனன்சி ஏர்லி' என்று தேதியோடு எழுதுங்கள். முன்பணம் பற்றி ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பேராசிரியர் 'ப்ளீஸ் கண்டென்ஸ் சாப்டர் டூ' என்று குறிப்பு போட்டிருந்தால் கடைசி நான்கு பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுக்காதீர்கள். அவர் கேட்டது எல்லா வாதமும் இருக்கவேண்டும், சொற்கள் குறையவேண்டும் என்பது. 'கட் சாப்டர் டூ' என்று போட்டிருந்தால் அத்தியாயத்தையே தூக்கச் சொல்கிறார். தூக்குவதற்கு முன் ஒருமுறை அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.